வெளிநாட்டில் சட்டம் படிக்கலாமா? கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த நாட்டுச் சட்டத்தை வைத்துப் பிழைக்கப் போகிறோம்? வெளிநாட்டில் சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி இதுதான். கணினியோ பொறியியலோ படித்தவர் எந்த ஊருக்குப் போனாலும் அவர் கற்றது பெரும்பாலும் செல்லுபடியாகும். சட்டத்துக்கு எல்லைக்கோடு உண்டு. லண்டனில் மூன்று வருடம் நிலச்சட்டம் படித்தவருக்குப் பட்டா என்றால் என்ன, வில்லங்கச் சான்று என்றால் என்ன என்று தெரிந்திருக்காது. கடலூர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த அந்தப் பட்டம் மட்டும் போதாது.

நம் வீடுகளில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் கல்லூரி பெயர், அடுத்து கடன், படித்து முடித்த பிறகுதான் "இங்கே வந்து பிராக்டிஸ் பண்ணலாமா சார்?" என்ற கேள்வி. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே வேலை செய்யப் போகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்திய நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ ஆவது என்றால் வெளிநாட்டு எல்.எல்.பி. (இளநிலைச் சட்டப் பட்டம்) சுற்றுவழி. உரிமையியல் நீதிபதி தேர்வு எழுத வழக்கறிஞராக மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லிவிட்டது. ஆகவே, அந்தக் கனவு உள்ளவர்கள் எவ்வளவு சீக்கிரம் இங்கே பதிவு செய்கிறார்களோ அவ்வளவு நல்லது.

மும்பை, டெல்லி, பெங்களூரு, சென்னையில் உள்ள பெரிய சட்ட நிறுவனங்களில் சேர விரும்பினால், அவர்கள் முதலில் பார்ப்பது இந்தியச் சட்டக் கல்லூரியையும் பயிற்சிக் காலங்களையும்தான். வெளிநாட்டு எல்.எல்.எம். (முதுநிலைச் சட்டப் பட்டம்) சர்வதேச நடுவர் தீர்ப்பாயம், வரி, போட்டிச் சட்டம் போன்ற துறைகளில் கை கொடுக்கும். ஆரம்பச் சம்பளத்தைப் பெரிதாக உயர்த்தும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலேயே சொலிசிட்டராக, அதாவது பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே ஆலோசனையும் ஆவண வேலையும் பார்க்கும் வழக்கறிஞராக, அமர்வது வேறு கணக்கு. கற்பிப்பதும் ஆராய்ச்சியும் இன்னொன்று. புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஐந்தாவதாகப் பிரெஞ்சுச் சட்டம் என்ற வழி உண்டு. அதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இரண்டாம் படி: திரும்பி வந்தால் கதவு திறக்குமா?

வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 24-ஆம் பிரிவு, வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருந்தால்தான் வழக்கறிஞர் பதிவுக்கு ஏற்கிறது. எனவே பல்கலைக்கழகத்தின் பெயர் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பட்டியலில் இருந்தாலும் வேலை முடியாது. வெளிநாட்டுப் பட்டம் பெற்ற இந்தியக் குடிமக்களுக்கு பார் கவுன்சில் ஒரு தகுதித் தேர்வு வைக்கிறது. அரசமைப்பு, ஒப்பந்தம், நிறுமச் சட்டம், உரிமையியல் நடைமுறை, குற்றவியல், தொழில் நெறி என்று இங்கே உள்ள மாணவர் வருடக்கணக்கில் படித்ததைத் தனியாக உட்கார்ந்து படித்து எழுத வேண்டும். அதன் பிறகு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. அதற்கும் பிறகு எல்லோரும் எழுதும் அகில இந்திய பார் தேர்வு.

அதிகம் அடிபடுகிறவர்கள் பிளஸ் டூ முடித்ததும் நேராக இங்கிலாந்து போய் மூன்று வருட எல்.எல்.பி. படித்தவர்கள். இந்தியாவில் பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருடம், அல்லது ஒரு டிகிரிக்குப் பிறகு மூன்று வருடம் என்பது கணக்கு. அந்த இரண்டு வருடக் குறையை ஈடுகட்ட, இங்கே இரண்டு ஆண்டு இணைப்புப் படிப்பு படிக்கச் சொல்கிறது பார் கவுன்சில். அதுவும் போதாமல் தகுதித் தேர்வும் எழுத வேண்டுமா என்று வழக்குகள் நடந்திருக்கின்றன. மூன்று வருடத்தில் முடியும் என்று நினைத்துப் போனவருக்கு ஐந்தாறு வருடம் ஆகிவிடுகிறது. "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லும் கன்சல்டன்சிக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஒரு வருட எல்.எல்.எம். படித்துவிட்டு இங்கே கல்லூரியில் கற்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓராண்டு எல்.எல்.எம். செல்லாது என்று பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகள் 2021 தொடக்கத்தில் வெளியாகி, உச்ச நீதிமன்றம் வரை போயின. அந்தப் பட்டத்தை இங்குள்ள எல்.எல்.எம்.முக்குச் சமமாக ஏற்பார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பட்டம், எந்த வயதில்?

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். நம் பகுதி நடுத்தரக் குடும்பத்துக்கு எல்.எல்.பி.யை இங்கே முடித்து, பதிவும் செய்துவிட்டு, பிறகு வெளிநாடு யோசிப்பதே பாதுகாப்பு. காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். அரசுக் கல்லூரியில் வருடக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

இப்படிப் பதிவு செய்தவருக்கு வெளிநாட்டிலும் ஒரு குறுக்குவழி திறக்கிறது. அடுத்த படியில் இங்கிலாந்து பற்றிச் சொல்லும்போது அது புரியும்.

நான்காம் படி: நாடு வாரியாக

இங்கிலாந்து. 2021 செப்டம்பர் முதல் சொலிசிட்டர் ஆவதற்கான வழி எஸ்.க்யூ.இ. தேர்வு. முதல் கட்டம் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கொள்குறி வினாக்கள். இரண்டாம் கட்டம் கட்சிக்காரரை நேர்காணுதல், வாதாடுதல், ஆவணம் வரைதல் போன்ற செய்முறைத் தேர்வுகள். இரண்டு கட்டங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறக்குறைய 5,000 பவுண்டு. பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 6 லட்சம். இதோடு இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவமும் வேண்டும்.

ஏற்கெனவே வேறு நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவருக்கு அந்த இரண்டு வருட அனுபவம் தேவையில்லை. அனுபவமும் தகுதியும் பொருந்தினால் இரண்டாம் கட்டத் தேர்விலிருந்து விலக்கும் கேட்கலாம். முதல் கட்டத்தை இந்தியாவிலுள்ள தேர்வு மையத்திலேயே எழுதலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் பிரிட்டன் போக வேண்டும். அதாவது, கடலூரில் ஜூனியராக இருக்கும் ஒரு வழக்கறிஞர் ஒரு கோடி செலவழிக்காமலே ஆங்கிலேயச் சொலிசிட்டர் தகுதி பெற முடியும். தகுதி கிடைத்தால் விசா தானாக வராது, அது தனிப் போராட்டம். ஆனாலும் வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்த வழி இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் வழியில் பயிற்சி இடம் கிடைப்பது மிகக் கடினம். உள்ளூர் மாணவர்களே வருடக்கணக்கில் முயல்கிறார்கள்.

அமெரிக்கா. அங்கே சட்டம் டிகிரிக்குப் பிறகு படிக்கும் மூன்று வருட ஜே.டி. பெயர்பெற்ற கல்லூரிகளில் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 70,000 டாலரைத் தாண்டும். தங்கும் செலவையும் சேர்த்தால் மொத்தம் இரண்டரைக் கோடிக்கு மேல். இந்தியச் சட்டப் பட்டதாரிகள் எடுப்பது பெரும்பாலும் ஒரு வருட எல்.எல்.எம்.; 24 கிரெடிட் கொண்ட அந்தப் படிப்பு நியூயார்க் பார் தேர்வுக்கான குறைகளை நிரப்பும். கலிபோர்னியாவோ, பிற நாட்டில் பதிவு பெற்ற வழக்கறிஞரை எல்.எல்.எம். இல்லாமலே தேர்வெழுத அனுமதிக்கிறது. சிக்கல் வேலையில்தான். சட்டம் 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லாததால் படிப்புக்குப் பின் 12 மாதம் மட்டுமே வேலை அனுமதி. அதற்குள் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் வர வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த அறிவிப்பு, நாட்டுக்கு வெளியிலிருந்து ஆளை அழைக்கும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் போட்டது. ஊருக்குத் திரும்பிவிட்டு மறுபடி போகலாம் என்ற திட்டத்துக்கு அது பெரிய முட்டுக்கட்டை.

கனடாவில் என்.சி.ஏ. என்ற குழு உங்கள் இந்தியப் பட்டத்தை மதிப்பிட்டு, எழுத வேண்டிய தாள்களைச் சொல்லும். பிறகு ஒரு மாகாணத்தில் பயிற்சி. ஆஸ்திரேலியாவிலும் மதிப்பீட்டுக்குப் பிறகு குறையும் பாடங்களைப் படித்துச் சேர்க்கலாம். இரண்டுமே குடியேறும் எண்ணம் உறுதியாக இருப்பவர்களுக்கு மட்டும்.

பிரான்ஸ். இதைப் புதுச்சேரியில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்த மண் இது. 1881-ஆம் வருட ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும் உண்டு. ஒரு அண்ணன் பாரிஸ் பக்கம், தம்பி முத்தியால்பேட்டையில், அப்பா பெயரில் இரண்டு நாட்டிலும் சொத்து. அப்பா பிரான்சில் இறந்தால், அவர் கடைசியாக வாழ்ந்த நாட்டின் சட்டமே வாரிசுரிமைக்குப் பொருந்தும் என்று 2015 முதல் ஐரோப்பிய விதி சொல்கிறது. அங்கே இந்தக் காரியத்தைக் கவனிப்பவர் நோத்தேர் என்ற சட்ட அதிகாரி. நம் நீதிமன்றமோ, அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் என்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வீடு வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். இரண்டு மொழியிலும் இரண்டு சட்டத்திலும் பழகியவருக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. வெளிநாட்டுச் சட்டப் படிப்பு நம் ஊரிலேயே பலன் தரும் வழிகளில் எனக்கு நம்பிக்கை உள்ளது இதுதான்.

செலவும் குறைவு. ஐரோப்பியர் அல்லாத மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைக்கு வருடம் 2,900 யூரோவும், முதுநிலைக்கு 3,900 யூரோவும் ஒட்டி வரும். சில பல்கலைக்கழகங்கள் அதிலும் விலக்குத் தருகின்றன. மாதம் 615 யூரோ கையில் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். பாரிசுக்கு வெளியே உண்மைச் செலவு 800, 900 ஆகும். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தாலும், யூரோவுக்கு 100 ரூபாய் வைத்தால், 70 லட்சத்தை ஒட்டி முடியும். ஆனால் பாடம் முழுக்கப் பிரெஞ்சில். பி2 என்ற நிலைக்கான மொழிச் சான்றிதழ் வாசல்வரை கொண்டுபோகும். வகுப்பில் தாக்குப்பிடிக்க அதற்கு அடுத்த நிலையான சி1 அளவு மொழி வேண்டும். முதல் வருடத்திலேயே தோற்றுத் திரும்புகிறவர்கள் அங்கே அதிகம். 1889 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு மொழிப் பயிற்சி மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்துவிட்டால் காலம் சரியாக இருக்கும்.

ஒரு முக்கியமான பொறி: பிரான்சில் அவொக்காவாக (வழக்கறிஞராக) பதிவு பெற, பிரெஞ்சு அல்லது ஐரோப்பியக் குடியுரிமை வேண்டும், வேறு நாட்டவர் என்றால் அந்த நாடும் பிரெஞ்சுக்காரருக்கு அதே வசதி தர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இது பெரிய தடை. மறுபக்கம், நம் வழக்கறிஞர்கள் சட்டமும் பதிவுக்கு இந்தியக் குடியுரிமையையோ அதேபோன்ற பரஸ்பர வசதியையோ கேட்கிறது. ஆக, பிள்ளையின் கையில் எந்தப் பாஸ்போர்ட் என்பதை வைத்து வழியே மாறிவிடும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளை இங்கே பிராக்டிஸ் செய்ய நினைத்தால், முதலில் பார் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: செலவைத் தாளில் போடுங்கள்

லண்டனுக்கு வெளியே ஒரு வருட எல்.எல்.எம். என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 24,000 பவுண்டு. மாதச் செலவுக்கு பிரிட்டிஷ் அரசே 1,171 பவுண்டு என்று கணக்கு வைத்திருக்கிறது (லண்டனில் 1,529), ஆக 12 மாதத்துக்கு 14,000. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776. ஒரு வருடப் படிப்புக்கான விசா நாலு மாதம் கூடுதலாக வருவதால் 1,164 கட்ட வேண்டும். விசா, விமானம், ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை என்று சேர்த்தால் மொத்தம் 40,000 பவுண்டை நெருங்கும். 48 லட்ச ரூபாய்.

இதே முறையில், வருடம் 22,000 பவுண்டு கட்டணம் உள்ள மூன்று வருட எல்.எல்.பி.க்குப் போட்டால் 1.3 கோடியைத் தாண்டுகிறது. வருடா வருடம் கட்டணம் ஏறுவதையும் ரூபாய் சரிவதையும் இதில் சேர்க்கவில்லை. உங்கள் தாளில் 10 சதவீதம் கூட்டியே போடுங்கள்.

இப்போது அந்த 48 லட்சத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் படிப்புக்கு வங்கிகள் பொதுவாக 15 சதவீதத்தை உங்கள் கையிலிருந்து கேட்கும். 7 லட்சம் நீங்கள், சுமார் 40 லட்சம் கடன். வட்டி 11 சதவீதம், 10 வருடத் தவணை என்றால் மாதம் 55,000 ரூபாய். அதுவும் படிக்கும் காலத்தில் வட்டியை அப்பா கட்டிவந்தால்தான். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் எதுவும் கட்டாமல் விட்டால், வட்டி அசலோடு சேர்ந்து தவணை 65,000-ஐத் தாண்டிவிடும்.

இந்த எண்ணை உள்ளூர் வருமானத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜூனியர் வழக்கறிஞருக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் 2024 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. அது எல்லா அலுவலகத்திலும் கைக்கு வருகிறதா என்றால், இல்லை. வந்தாலும் 15,000 எங்கே, 55,000 எங்கே.

ஆறாம் படி: பணம் எங்கிருந்து?

ஏழரை லட்சத்துக்கு மேல் வங்கி ஈடு கேட்கும். இங்கேதான் நம் பகுதிக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பண்ருட்டிப் பக்கம் நாலு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கும், மதிப்பும் இருக்கும், வங்கி தலையாட்டாது. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமல் ஈட்டைக் கைப்பற்ற உதவும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது காரணம். வீடோ, அங்கீகரிக்கப்பட்ட மனையோ, வைப்புத்தொகையோ வேண்டும். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தாத்தா பெயரில் இருக்கும் வீடு என்றால், பெயர் மாற்றவே மாதங்கள் ஆகும். பெரியப்பா, அத்தை கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

கையிலிருந்து அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் மூலத்தில் வரி வசூலிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அந்தப் பிடித்தம் இல்லை. கல்விக் கடன் வட்டிக்கான வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும் உண்டு. மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி இந்தியக் கல்லூரிகளுக்கானது. அதை நம்பி வெளிநாட்டுத் திட்டம் போடாதீர்கள்.

உதவித்தொகைகளில், பிரிட்டனின் செவனிங் முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் அயலகப் படிப்புக்கு உதவுகிறது. கடலூர் மாவட்டத்தினர் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பிரான்ஸ் முதுநிலைக்கு ஐஃபெல், சார்பாக் இரண்டும் உண்டு. வங்கிக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்பே இவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஏழாம் படி: சம்பளத்தையும் விசாவையும் ஒன்றாகப் பாருங்கள்

லண்டன் பெருநிறுவனங்களின் சம்பளத்தை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாதது இது: சிறிய ஊர்களின் நிறுவனங்கள் பயிற்சிச் சொலிசிட்டருக்குத் தருவது பெரும்பாலும் 24,000 முதல் 28,000 பவுண்டு. திறன் தொழிலாளர் விசாவுக்கோ, 2025 ஜூலை முதல், பொதுவாக 41,700 பவுண்டும், புதிதாக வேலைக்கு வருபவருக்கு 33,400 பவுண்டும் சம்பளம் வேண்டும். வேலை தர மனம் உள்ள சிறு நிறுவனத்தால்கூட உங்களை வைத்துக்கொள்ள முடியாது. எனவே பெரிய, விசா தரும் நிறுவனங்கள்தான் இலக்கு. அங்கே போட்டி கடுமை. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசா இப்போது இரண்டு வருடம்; 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்.

41,700 பவுண்டு வேலை கிடைத்தால் வரி போக மாதம் 2,800 பவுண்டு கைக்கு வரும். சிக்கனமாக 1,600-ல் வாழ்ந்தாலும் 1,200 மிஞ்சும், தவணையைக் கட்டிவிடலாம். கிடைக்காவிட்டால், ஊருக்குத் திரும்பி அதே தவணையை 15,000 ரூபாயிலிருந்து கட்ட வேண்டும். இந்த இரண்டாவது நிலையில் குடும்பம் தாங்குமா? தாங்கும் என்றால் போகலாம். அப்பாவின் ஓய்வூதியத்தை நம்பித்தான் தாங்கும் என்றால், போகக் கூடாது என்பேன்.

இந்தியாவிலிருந்தே வெளிநாட்டுச் சட்ட ஆலோசனை தரும் வாய்ப்பும் மெல்லத் திறக்கிறது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே தொழில் செய்ய முடியாது, அவ்வப்போது வந்து ஆலோசனை சொல்லலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023-ல் பார் கவுன்சில் விதி வகுத்து, 2025-ல் திருத்தி, நீதிமன்றம் அல்லாத வேலைகளுக்கு வெளிநாட்டு நிறுவனங்களைப் பதிவுசெய்ய வழி விட்டிருக்கிறது. இதை மட்டும் நம்பிக் கடன் வாங்க இன்னும் காலம் வரவில்லை.

எட்டாம் படி: ஆவணங்களும் காலமும்

செப்டம்பரில் வகுப்பு என்றால் முந்தைய வருடம் ஆகஸ்டில் வேலை தொடங்க வேண்டும். செவனிங் விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும், எல்.எல்.எம். விண்ணப்பங்கள் அக்டோபர் முதல், எல்.எல்.பி.க்கு யூகாஸ் (பிரிட்டனின் இளநிலைப் படிப்புகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பு) கெடு ஜனவரி, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15.

இடையில் நம்மவர்களை அலைக்கழிப்பது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கா. செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி காசிநாதன்', பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை'. பெற்றோர் கணக்கிலிருந்து பணம் காட்டும்போது உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்று வேண்டும். பெயர் இல்லாத சான்று செல்லாது. நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பெயர் பதிந்து வாங்க இப்போதே மனு போடுங்கள்.

பிரிட்டன் விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தில் பாக்கியும் ஒன்பது மாதச் செலவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுப்பு. சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிப் போட்டு அடுத்த வாரம் எடுப்பது நடக்காது.

இடம் கிடைத்ததும் பல்கலைக்கழகம் முன்பணம் கேட்டு மெயில் அனுப்பும், கெடு இரண்டு மூன்று வாரம் இருக்கும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை கெடுவை நீட்டித்துக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதாகத் திரும்புமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்ற விதியைப் படித்து, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கட்டுங்கள்.